ஏனாதிநாத நாயனார்: வாளாசிரியர் ஒருவரின் மரபும் வாழ்வும்

திருத்தொண்டர் அறுபத்து மூவருள் அரசரும் உளர். மறையவரும் வணிகரும் உளர். குயவரும் வேடரும் வலைஞரும் உளர். வாளெடுத்துப் போர்க்களம் புகுந்தவர்களும் அவருட் சிலர் உளர். வாதாபிப் போரிற் புகழ் பெற்ற சிறுத்தொண்டரையும், சோழர் சேனாபதியாகிய கோட்புலியாரையும், பொன் பெற்றுப் போர்புரிந்து அப்பொன்னை அடியார்க்கே ஈந்த முனையடுவாரையும் நம்மவர் நன்கறிவர். அவர்கள்போல் நாடு வென்று வேந்தனுக்கு அளிக்காதவரும், தம் ஊரளவில் வாழ்ந்து ஊர்ப்புறத்துப் பூசலொன்றில் உயிர் நீத்தவருமாகிய வீரர் ஒருவரும் அக்கூட்டத்தில் இருக்கின்றார். அவரே ஏனாதிநாத நாயனார்.

சேக்கிழார் பெருமான் இவருக்கு வகுத்த பாடல்கள் 42. இவரை அடுத்து வரும் கண்ணப்பருக்கோ 186. கண்ணப்பர் வரலாற்றைக் கேட்கும் விருப்பினால் இவர் வரலாற்றை விரைந்து கடந்து செல்வோர் பலர். இவர் உயிர்விட்ட நிலையில் மட்டும் அரிய பொருளொன்று அடங்கிக் கிடக்கின்றது. அதனை உணர்தற்கு இவருடைய மரபையும் வாழ்வையும் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். ஒருவருக்கு மரபு என்பது மூவகைத்து: பிறப்பினால் வந்தது ஒன்று, தொழிலினால் வந்தது ஒன்று, தம் ஒழுக்கத்தினால் தாமே சென்று அடைந்தது ஒன்று. இம்மூன்றனையும் முறையே காண்போம்.

ஊரும் குலமும்

நாயனார் தோன்றிய ஊர் சோழநாட்டு எயினனூர். கும்பகோணத்தை அடுத்துள்ள ஏனநல்லூர் என இக்காலத்து வழங்குவது அவ்வூரே என்பர். மருத வளம் மிக்க அவ்வூரைச் சேக்கிழார் வருணிக்குமிடத்து, கரும்புகள் தாழ்ந்து நிற்க அவற்றிற்கு மேலாக நெற்கதிர் ஓங்கி நிற்கும் வயல்களைக் காட்டுகின்றார். நெல் கரும்பினும் உயர்ந்து வளர்ந்த நாட்டில் உண்பார்க்கும் ஊட்டுவார்க்கும் குறைவிராது. அடியார்க்கு அளித்தலையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றுக்கு இது தக்கதொரு தோற்றுவாயாம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் எனக் கொள்வர். அவர் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத் தொகையின் இரண்டாந் திருப்பாட்டில் இந்நாயனார் பெயர் எறிபத்தருக்குப் பின்னும் கண்ணப்பருக்கு முன்னுமாக நிற்கின்றது. ஆகலின் இவர் சுந்தரருக்கு முற்பட்டவர் என்பது தெளிவு.

இவர் பிறந்த குலம் ஈழக்குலச் சான்றார் குலம் என்கின்றது பெரியபுராணம். ஈழம் என்னுஞ் சொல்லுக்கு இலங்கை, பொன், கள் எனப் பல பொருள் உண்டு. பல்லவர் சோழர் சாசனங்களில் ஈழம்பூட்சி என்றொரு வரி கூறப்படுகின்றது. அது கள்ளிறக்குந் தொழிலைப் பற்றியது. அத்தொழிலோடு தொடர்புற்ற குடியின் கிளையொன்று வாட்படை பயிற்றும் ஆசிரியக் குடியாகவும் விளங்கியது என்பது இவ்வரலாற்றினின்றும் நாம் அறிவது. இதில் வியப்பொன்றும் இல்லை. மலைநாட்டிலும் ஈழவர், தீயர் குடிகளிற் சில களரிப் பயிற்சியிற் பெயர் பெற்றுச் சேகவர் எனப் பட்டம் பூண்டிருந்தன. அந்நாட்டு வடக்கன் பாட்டுக்கள் போற்றும் ஆரோமல் சேகவர் தனிப்போரில் வல்லவர். உறவினன் ஒருவன் வஞ்சனையால் மாண்டவர். இருவர் வரலாறும் வேறுவேறாயினும், வாட்டொழிற் குடிகளில் பகை எங்கிருந்து எழும் என்பதை அக்கதையும் ஒருவாறு உணர்த்துகின்றது.

ஏனாதி என்பது இயற்பெயர் அன்று, பட்டப்பெயர். பண்டைத் தமிழ் வேந்தர் தம் படைத்தலைவர்க்கு மோதிரம் அணிவித்து அளித்த சிறப்பு அது. சோழன் ஏனாதி திருக்கிள்ளி என்பானும், சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்பானும் புறநானூற்றிற் பாடப்பெற்றுள்ளனர். போர்ப்புண்ணின் வடுக்களால் அழகிழந்த யாக்கையும், கேட்போர் செவிக்கு இனிய புகழும் உடையவன் என்று திருக்கிள்ளியைப் புலவர் ஒருவர் பாராட்டுகின்றார். அத்தகையோர் பூண்ட பட்டத்தைத் தம் பெயராகவே கொண்டவர் நம் நாயனார். இவருடைய குடி அரசரது படையோடு நெடுநாட் பழகிய குடி என்பதற்கு இப்பெயரும் ஒரு சான்றாகும்.

வாட்டாயம்

நாயனார் மன்னர்க்குரிய வாட்படையைப் பயிற்றும் ஆசிரியர். அத்தொழில் வல்லாருள் தலைமை பெற்றவர். வாள் பயில விழைந்த இளைஞர் பலர் அவரை நாடி வந்தனர். அவர்கள் அளித்த பொருள் நிரம்ப வந்தது. அப்பொருளை அவர் என் செய்தார்? சிவனடியார்க்கு நாள்தோறும் பெருவிருப்போடு வழங்கினார். திருநீற்றினிடத்துப் பேரன்பு அவர்க்குத் தொன்றுதொட்டு வந்த ஒழுக்கம். திருநீறு அணிந்தாரை யாவரேயாயினும் எவ்விடத்தும் தீங்கு செய்யார் என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய நல்லொழுக்கத்தை நண்பரல்லாதாரும் போற்றினர் என்று புராணங் கூறுகின்றது. படைக்கலம் பயிற்றுவோன் ஒருவன் பகைவராலும் போற்றப்படுதல் எளிதன்று.

அதே குடியில், அதே தொழிலுரிமையின் உள்ளானாகத் தோன்றியவன் அதிசூரன். அவனும் வாள்வித்தை கற்றவனே. அவ்வித்தையில் தன்னைக் கடந்தவர் இல்லை என்னும் செருக்குடையவன். ஆயினும் மாணாக்கர் நாளடைவில் அவனை விட்டு நீங்கி ஏனாதிநாதரையே நாடினர். அவனது ஆசிரிய வருவாய் நாளும் குறைந்தது, அவருடையது வளர்ந்தது. கதிரவன் எழும்போது ஒளி மழுங்கிச் சாயும் மதியைப் போல அவன் ஆனான் என்பது சேக்கிழார் தந்த உவமை.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அதிசூரன் அயல்நாட்டுப் பகைவன் அல்லன். வேற்றுச் சமயத்தான் என்றும் கூறப்படவில்லை. அவன் தாயத்தான், ஒரே முதலுக்கு உரிமை கூறும் பங்காளி. நிலத்திற்கும் வீட்டிற்கும் பங்காளிகள் பொருதலை நாம் கண்டிருக்கின்றோம். இங்கே அவர்கள் பொருதது கல்வி என்னும் முதலுக்காக. கல்வியோ பங்கிட்டால் குறைவதன்று. ஆசிரியனது தகுதியை நாடி மாணாக்கர் தாமே வருவர். அதனை வலியால் கவர்ந்துகொள்ளலாம் என்று அதிசூரன் எண்ணினான். அவன் செய்த பிழைகளுள் முதலாவது இதுவே.

முதற் போர்

அதிசூரன் தன் சுற்றத்தாரையும் போர்வீரர் கூட்டத்தையும் திரட்டிக்கொண்டு நாயனாருடைய வாயிலில் வந்து நின்று, வாட்டாயம் வலியார்க்கே உரியது என்று கூவிப் போருக்கு அழைத்தான். புலி கிடந்த குகையின் முன் நின்று அறைகூவும் சிறு நரியை ஒத்தான் என்று புராணம் அவனை எள்ளுகின்றது. நாயனார் சிங்கவேறு போல எழுந்து கச்சணிந்து கழல் கட்டி வாளும் பலகையும் ஏந்திப் புறப்பட்டார். செய்தி கேட்ட மாணாக்கரும் தம்பியரும் சுற்றத்தாரும் இருமருங்கும் வந்து கூடினர். ஊர்ப்புறத்து வெட்டவெளியில் இரு படைகளும் கைவகுத்து நின்று பொருவதென்றும், சாயாது நின்றவரே தாயத்தைக் கொள்வதென்றும் அதிசூரன் கூற, நாயனாரும் அதற்கு இசைந்தார்.

போர் கடுமையாக நடந்தது. வாள்வீரரும் வேல்வீரரும் வில்வீரரும் பொருது இருபாலும் பலர் வீழ்ந்தனர். ஒரே ஊரில் ஒருங்கு வாழ்ந்த உறவினர் ஒருவரையொருவர் வெட்டி மாண்டனர். இறுதியில் நாயனார் தாமே முன்சென்று எதிர்ந்தாரை வீழ்த்த, எஞ்சியோர் சிதறினர். அதிசூரன் அவர் வாளுக்கு முன் நிற்கலாற்றாது புறங்கொடுத்து ஓடினான். அதிசூரன் என்னும் பெயருக்கு மிக்க வீரன் என்பது பொருள். அப்பெயரைச் சுமந்துகொண்டு அவன் ஓடினான்.

வஞ்சனை

அன்றிரவு அவனுக்கு உறக்கம் இல்லை. மானம் இழந்த நெஞ்சம் வழி தேடிற்று. வாளால் வெல்லல் இயலாது. ஆகவே வஞ்சனையால் வெல்வேன் என்று துணிந்தான். பொழுது புலருங்கால் நாயனாருக்கு ஒரு செய்தி விடுத்தான்: இருவர் பகைக்காக நாட்டாரை மாளச் செய்தல் வேண்டா, துணைவர் எவருமின்றி நாம் இருவரும் வேறோர் இடத்தில் தனித்துப் பொருவோம் என்பது அச்செய்தி.

கருத்து வஞ்சனையாயினும் சொல் அறத்தின் சொல்லே. முதனாள் மாண்டவர்களை நாயனார் கண்டிருந்தார். இனி ஒருவரும் மாளாமல் இப்பகை முடியுமாயின் நன்று என அவர் இசைந்தார். சுற்றத்தாரும் மாணாக்கரும் அறியின் உடன்வருவர் என்பதனால் ஒருவர்க்கும் உரையாமல், தாமே வாளும் பலகையும் ஏந்திக் குறித்த இடத்திற்குச் சென்று அவன் வருகையை நோக்கி நின்றார்.

அதிசூரன் முன் ஒருநாளும் திருநீறு அணிந்தவன் அல்லன். அன்று நெற்றி நிறைய வெண்ணீறு பூசினான். புறத்தே வெண்மையும் அகத்தே வஞ்சமாகிய கருமையும் உடையவனாய்ப் புறப்பட்டான். நாயனாரை அணுகுமளவும் நெற்றியைக் கேடகத்தால் மறைத்துக்கொண்டே வந்தான். திருநீற்றைத் தொலைவிலேயே காட்டியிருப்பின் அவர் பொருதற்கே வந்திரார். போரின் இடையில் காட்டினால்தான் அவர் கை தளரும், தன் வாள் தப்பாது பாயும் என்பது அவன் கணக்கு. இதனால் ஓர் உண்மை புலப்படுகின்றது. நாயனாருடைய அன்பின் உறுதியை அவருடைய மாணாக்கரினும் நன்கு அறிந்தவன் இப்பகைவன். அவருடைய அறத்தை அவன் ஐயுறவில்லை. அதன்மேல் முழு நம்பிக்கை வைத்தே தன் சூழ்ச்சியை அமைத்தான்.

இறுதிக் கணம்

இருவரும் வட்டணையாகச் சுற்றி வந்தனர். நாயனார் நெருங்கினார், அவனை வீழ்த்துதற்குரிய அடி வாய்த்தது. அக்கணத்தில் அவன் கேடகத்தை விலக்கினான். நெற்றியில் வெண்ணீறு விளங்கிற்று.

நாயனாருடைய உள்ளத்தில் அப்போது எழுந்த நினைவுகளைச் சேக்கிழார் முறைப்பட வைத்துக் காட்டுகின்றார். முதலாவது, தாம் கெட்டதாகிய இரக்கம். இரண்டாவது, முன்பு இவரிடத்துக் காணாத திருநீற்றை இன்று கண்டோம், இவர் இறைவன் அடியாராயினார் என்னும் தெளிவு. மூன்றாவது, இனி இவருடைய கருத்தின்வழியே நிற்பேம் என்னும் துணிவு. அதுகாறும் அவன் என்று கருதப்பட்டவன், திருநீற்றைக் கண்ட அளவிலே அவர் என்னும் மதிப்புக்கு உரியவனாகின்றான். ஆனால் புலவர் தம் வாய்மொழியாகக் கூறுமிடத்து அவனைப் பாதகன் என்றே சுட்டுகின்றார். உலகம் கண்டது ஒன்று, நாயனார் கண்டது ஒன்று என்பதை இவ்வேறுபாடு நமக்குக் காட்டுகின்றது.

அடியார் கருத்தின்வழி நிற்பதெனத் துணிந்த நாயனார் வாளையும் பலகையையும் கீழே போட்டுவிடக் கருதினார். வரலாறு இவ்வளவில் முடிந்திருப்பின் அஃது அன்பினால் உயிர் கொடுத்த ஒருவரின் வரலாறாக நின்றிருக்கும். ஆனால் அவர் உள்ளத்தில் நான்காவதாக ஒரு நினைவு எழுந்தது. படைக்கலம் இழந்தானைக் கொல்லுதல் போரறத்துக்குப் பெரும் பழி. தாம் வாளை விடின் படையிலாதவரைக் கொன்றார் என்னும் தீமை எதிர்நின்றவரைச் சாரும். அப்பழி அவரை அடையாதொழிக எனக் கருதி, வாளும் பலகையும் விடாது பற்றிக்கொண்டு, எதிர்ப்பவர் போல நேர்நின்றார். அதிசூரன் தன் எண்ணத்தை முடித்துக்கொண்டான்.

இந்நிலையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்களத்தில் பொய்க்கோலம் பூண்டவர் ஒருவர் அல்லர்; இருவர். அதிசூரன் கொல்லும் பொருட்டு அன்பனாக நடித்தான். நாயனாரோ கொல்வானைப் பழியினின்றும் காக்கும் பொருட்டுப் பகைவராக நடித்தார். அவன் கோலத்தின் உள்ளே கொலை இருந்தது. இவர் கோலத்தின் உள்ளே அருள் இருந்தது. வாளைக் கீழே எறிதல் ஒருவகையில் எளிது. அதனோடு போர் நினைவும் நீங்கிவிடும். பல்லாண்டு பயின்ற கையில் வாள் இருக்க, எதிரியின் தோளில் இடம் வெளிப்பட, அக்கையை அசையாது நிறுத்துதல் அரிது. மாணாக்கர்க்கு வாள்வித்தை கற்பித்த ஆசிரியர் தம் வித்தையின் முடிந்த எல்லையைக் காண்பார் ஒருவரும் இல்லாத இடத்தில் காட்டினார்.

அன்று அவர் உள்ளத்தை அறிவார் யாவர் என்று வியந்து, அறிந்தவன் இறைவன் ஒருவனே என்கின்றது புராணம். மின்போலும் சடையுடைய பெருமான் வெளிப்பட்டு, பகைவன் கைவாளையே கருவியாகக் கொண்டு அவருடைய பாசத்தை அறுத்து, என்றும் பிரியாத நிலையை அருளினான். வாளால் வாழ்ந்தவருக்கு வீடும் வாளாலேயே கிடைத்தது.

ஓர் ஐயம்

வஞ்சகனை அடியானென மயங்கி உயிர் விடுதல் அறிவுடைமை ஆகுமோ என்று ஐயுறுவார் உளர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவன் எனவே கண்டு வழிபடல் வேண்டும் என்று விதிக்கின்றது. கோயிலைக் கட்டினவன் நல்லவனோ தீயவனோ என்று ஆராய்ந்தா நாம் கும்பிடுகின்றோம்? கோயிலுக்குச் செய்யும் வழிபாடு கோயிலில் விளங்குவானுக்கு. வேடத்துக்குச் செய்யும் வழிபாடும் அத்தகையதே. அணிந்தவன் பொய்யன் என்பதால் அணியப்பட்டது பொய்யாகாது.

அங்ஙனமாயின் காவலரும் தலைவரும் இவ்வாறே வஞ்சகர்க்கு இடங்கொடுத்தல் தகுமோ எனின், இவ்வரலாறு அதனைக் கூறவில்லை. நாயனார் தனித்து வந்தவர். அக்களத்தில் அவர் கொடுத்தது தம் உயிர் ஒன்றே. பிறருடைய உயிரை அவர் பணயம் வைக்கவில்லை. பிறர் உயிர் போகாமைக்காகவே அவர் தனிப்போருக்கு இசைந்தார் என்பதும் நினைவிற்கு உரியது.

இவரோடு மெய்ப்பொருள் நாயனாரை ஒப்பிடுதல் நலம். சேதி நாட்டு வேந்தராகிய மெய்ப்பொருளாரை, அடியார் வேடத்தில் வந்து புத்தகத்தினுள் படையை மறைத்து வைத்திருந்த முத்தநாதன் குத்தினான். அவர் அவனைத் தீங்கின்றி ஊர்ப்புறம் உய்க்கத் தத்தனை ஏவினார். மெய்ப்பொருளார் வணங்கி நின்றபோது குத்துண்டவர். படை அவர் கையில் இல்லை. ஏனாதிநாதரோ வெல்லும் நிலையில், வாளேந்திய கையோடு நின்று உயிர் கொடுத்தவர். அவர் பகைவனது உயிரைக் காத்தார். இவர் பகைவனைப் பழியினின்றும் காத்தார். இரண்டும் ஒரு மலையின் இரு சிகரங்கள்.

எஞ்சிய மரபு

அதிசூரன் விரும்பியது வாட்டாயம். எதிர்நின்றவர் வீழ்ந்தமையால் அவன் வகுத்த முறைப்படி அஃது அவனைச் சேர்ந்திருத்தல் வேண்டும். அதனால் அவன் பெற்ற பயன் யாது என்று சேக்கிழார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாயனார் வீழ்ந்த அளவிலே அதிசூரன் காவியத்தினின்றும் மறைகின்றான். அவன் பெயர் இன்றளவும் நிலவுவதும் நாயனார் வரலாற்றின் நிழலிலேதான்.

நாயனாருடைய மரபோ வேறொரு வழியில் வளர்ந்தது. சுந்தரர் அவரைத் தொகையுள் வைத்து அவர் அடியார்க்கும் தாம் அடியேன் என்றார். நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியில் வகுத்துப் பாடினார். இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில், அஃதாவது கி.பி. 1133 முதல் 1150 வரையில் ஆண்ட அச்சோழன் அவையில் அமைச்சராயிருந்த சேக்கிழார் அதனை விரித்துக் காப்பியமாக்கினார். அவன் மகன் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் திருக்கோயிலில் தொண்டர் வரலாறுகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டன. 1852-ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டமையால் பாட்டுப் பயிலாதாரும் இவ்வரலாற்றை அறிந்தனர். சிவாலயத் திருச்சுற்றில் அறுபத்து மூவர் வரிசையில் அவர் இன்றும் நிற்கின்றார். புரட்டாசி உத்திராட நாளில் அவர் குருபூசை நிகழ்கின்றது.

பிறப்பினால் வந்த மரபு குலத்தோடு நின்றது. தொழிலினால் வந்த மரபு அதிசூரனது பொறாமைக்கு இரையாயிற்று. தாமே சென்று அடைந்த மரபுக்குத் தாயத்தார் பகை இல்லை. பங்கிடுந்தோறும் அது பெருகுகின்றது. அடுத்த முறை நாம் கோயிலை வலம் வருங்கால், அறுபத்து மூவர் வரிசையில் எறிபத்தருக்கும் கண்ணப்பருக்கும் இடையே சிறிது நிற்போமாக. வெட்டுதற்கு வல்ல வாளை விடாது பற்றியும் வெட்டாது நின்ற ஒருவர் அங்கே இருக்கின்றார்.